நின்று நின்று வரும் மூச்சு

உறக்கத்தைச் சாவுக்கும், உறங்கி விழித்தலைப் பிறப்புக்கும் ஒப்பிட்டுக் காட்டினார் வள்ளுவர். நிலையாமையை உணர்த்த வந்த அப்பெருமகனார், நாள்தோறும் நமக்கு நேர்கின்ற எளிய நிகழ்ச்சியொன்றையே உவமையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த உவமை உவமையாக நில்லாது, ஏறக்குறைய உண்மையாகவே நடந்துகொண்டிருக்கும் உடம்புகளும் உலகில் உண்டு. ஓரிரவில் ஒரு முறையன்று, இரு முறையன்று. இருநூறு முந்நூறு முறை மூச்சு நின்று, மீண்டும் பிறக்கின்ற உடம்புகள் அவை. உடையவன் அதனை அறியான். காலையில் எழுந்து, "நல்ல நித்திரை" என்று சொல்லுவான். அறிபவர் அருகே படுத்திருப்பவர் மாத்திரமே.

இந்நிலையை மருத்துவர் உறக்க மூச்சுத் தடை என்பர். ஆழ்ந்த உறக்கத்தில் உடம்பின் தசைகள் யாவும் தளர்கின்றன. தொண்டையின் தசைகளும் அவ்வாறே. சிலருக்குத் தொண்டைவழி இயல்பாகவே ஒடுக்கமானது; சிலருக்குக் கழுத்தில் கொழுப்பு மிகுதி; சிலருக்குக் கீழ்த்தாடை சிறிது உட்சென்றிருக்கும். இத்தகையோர் மல்லாந்து உறங்கும்போது நாக்கு பின்னே சரிய, மூச்சுவழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியே செல்லும் காற்று தசையை அதிரச் செய்வதே குறட்டை. வழி முற்றாக மூடிவிட்டாலோ குறட்டையும் நின்றுவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் உட்செல்லாது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை அஞ்சி விழித்து, தசைகளை இறுக்கி, ஒரு செருமலோடு மூச்சை மீட்டெடுக்கும். அடுத்த கணமே மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு.

பத்து விநாடியேனும் மூச்சு நின்றால் அதனை ஒரு தடையென்று கணக்கிடுவர். மூச்சு முற்றாக நில்லாது மிகக் குறைந்துபோகும் வேளைகளையும் சேர்த்து, மணிக்கு ஐந்துக்கு மேற்பட்டால் நோய். பதினைந்துக்கு மேற்பட்டால் நடுத்தரம். முப்பதைத் தாண்டினால் கடுமை. மணிக்கு முப்பதென்றால் ஏழு மணி நேர நித்திரையில் இருநூற்றுப்பத்து முறை என்பது சிறு கணக்கு.

இலக்கியப் பகுதியிலே மருத்துவத்துக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். இந்நோயாளன் ஒருவனை உலகறியக் காட்டியவர் மருத்துவரல்லர், ஒரு நாவலாசிரியர் என்பதே என் விடை.

நாவலாசிரியர் கண்ட நோயாளி

சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலை 1836ஆம், 1837ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதிலே ஜோ என்னும் பருத்த பணியாள் இளைஞன் ஒருவன் வருகிறான். வண்டியில் அமர்ந்தால் உறங்குவான். ஏவல் செய்யப் போகும்போதும் உறங்குவான். உணவு பரிமாறி நிற்கும்போதே குறட்டை விடுவான். படிப்போர் நகைத்தனர். நம்மவர் கும்பகருணனை எண்ணி நகைப்பது போன்ற நகைப்பே அது. உறங்குபவனை நகைப்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவான பழக்கம் போலும்.

நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தன. 1956இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பேர்வெல் என்னும் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய தோழரும், மிகப் பருத்த வணிகர் ஒருவரைப் பற்றி எழுதினர். அவர் பகலெல்லாம் தூங்கி வழிபவர். ஒருநாட் சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ் சீட்டுகளும் இரண்டு இராசாச் சீட்டுகளும் அவர் கைக்கு வந்தும், அவற்றைப் பயன்படுத்துமுன் உறங்கிவிட்டார்! அதற்குப் பின்னரே அவர் வைத்தியசாலையை நாடினார். அம்மருத்துவர் தாம் கண்ட நோய்க்கு டிக்கன்சின் நாவலை நினைந்து 'பிக்விக்' என்ற பெயரையே சூட்டினர்.

ஆயினும் நோயின் வேர் அவர்களுக்கு அகப்படவில்லை. உடற்பருமனால் மூச்சுக் குறைந்து, கரியமிலவாயு குருதியில் தேங்குவதே தூக்கத்துக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். நோயாளியைப் பகலில் ஆராய்ந்தனர். நோயோ இரவில் இருந்தது. 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோவும் அவர் குழுவினரும், ஜேர்மனியில் யுங், கூலோ என்போரும் இத்தகைய நோயாளிகள் உறங்கும்போதே அவர்களுடைய மூச்சையும் மூளையின் மின்னலைகளையும் பதிவுசெய்து பார்த்தனர். அப்போதுதான் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்கின்ற காட்சி தாளிலே கோடுகளாகத் தெரிந்தது. 1976இல் கில்லெமினோ என்னும் மருத்துவரும் அவர் தோழரும் இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயரை நிலைநிறுத்தினர். பருத்தவர்க்கே வரும் நோயன்று இது, மெலிந்தவர்க்கும் வரும் என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று.

முகமூடி பிறந்த கதை

நோய் தெரிந்தது, மருந்து? தொண்டையின் முன்புறத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே தொடக்கத்திற் கிடைத்த சிகிச்சை. அடைபடும் இடத்துக்குக் கீழே புது வழி திறப்பதால் நோய் நீங்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் ஒரு துளையோடு வாழவேண்டும். குறட்டையை ஒழிக்க அத்தகைய விலை கொடுக்க எத்தனை பேர் இசைவர்?

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்னும் மருத்துவர் வேறு வழியை எண்ணினார். அடைபடுகிற குழாயின் உள்ளே காற்றின் அழுத்தத்தைச் சிறிது கூட்டிவைத்தால், அக்காற்றே தூணாக நின்று சுவர்களைத் தாங்காதா? தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, உறிஞ்சுவதற்கு மாறாகக் காற்றை ஊதச் செய்து, மூக்கிலே பொருத்திய முகமூடி வழியாகச் செலுத்தினார். 1980இல் முதல் நோயாளியிடம் இதனைச் சோதித்தார். காற்று ஏறியதும் அடைப்பு நின்றது. நோயாளி நெடுநாட் கடனைத் தீர்ப்பவர் போல் ஆழ்ந்து உறங்கினார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1981இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் மூச்சழுத்தக் கருவிக்கு இதுவே தோற்றுவாய்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். இக்கருவி ஒட்சிசன் கொடுப்பதன்று. நாம் உள்ளெடுக்கும் சாதாரணக் காற்றையே சற்று அழுத்தமாகச் செலுத்துகிறது. வழி மூடியிருக்கும்போது வாசலில் எவ்வளவு ஒட்சிசனைக் குவித்தாலும் என்ன பயன்? வழியைத் திறந்து வைப்பதே இங்கு மருந்து.

பாரிசவாதத்தோடு உள்ள உறவு

குறட்டைக்கும் பாரிசவாதத்துக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் உடம்பு ஒரு சிறு போர்க்களமாகிறது. ஒட்சிசன் தாழ்கிறது, நரம்புகள் கிளர்ந்தெழுகின்றன, குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சு மீளும் கணத்தில் இரத்த அழுத்தம் திடீரென உயர்கிறது. உடல்நலம் உடையவர்க்கு இரவிலே இரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து விழுக்காடேனும் தாழும். குருதிக் குழாய்களுக்கு அது ஓய்வு நேரம். இந்நோயாளிகள் பலருக்கு அந்த ஓய்வு வாய்ப்பதில்லை. மூடிய தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும் இழுவையிலே இருதயத்தின் மெல்லிய சுவர்கள் விரிகின்றன. ஒழுங்கற்ற இருதயத் துடிப்புக்கு அது வழிகோலும். அத்தகைய துடிப்பிலே குருதி உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று அடைக்கவும் கூடும். மழைகாலத்து அலை குளக்கட்டை ஒரே நாளில் உடைப்பதில்லை. இரவும் பகலும் மோதி மோதி அரிக்கிறது. இதுவும் அத்தகைய அரிப்பே.

இது வெறும் ஊகமன்று. 2005இல் அமெரிக்காவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 1,022 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று வெளியாயிற்று. அவர்களில் 697 பேருக்கு உறக்க மூச்சுத் தடை இருந்தது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய பிற காரணங்களைக் கணக்கில் எடுத்த பின்னரும், பாரிசவாதமோ மரணமோ நேரும் ஆபத்து அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு 5,422 பேரைச் சராசரி எட்டரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. ஆண்களில் மூச்சுத் தடை மிகுந்த பிரிவினர்க்குக் குருதியடைப்பாலாகும் பாரிசவாதம் வரும் ஆபத்து, தடை மிகக் குறைந்தவர்களைவிட மும்மடங்கை அணுகியது. பெண்களிடத்தில் இத்தொடர்பு நோய் முற்றிய நிலையிலேயே தெரிந்தது.

நோய் வந்த பின்

வருமுன் காப்பது ஒருபுறம் இருக்க, வந்த பின் நிலை என்ன? பாரிசவாதம் கண்டவர்களை ஆராய்ந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு உறக்க மூச்சுத் தடை ஓரளவிலேனும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்கு அது முன்னரே இருந்தது. வேறு சிலருக்குத் தொண்டைத் தசைகள் வலுவிழந்தமையாலும், திரும்பிப் படுக்கவியலாது மல்லாந்தே கிடப்பதாலும் புதிதாக வந்து சேர்கிறது. மூளையிலே காயம்பட்ட பகுதியைச் சூழ்ந்து, சாகவும் இல்லாமல் முழுதும் வாழவும் இல்லாமல் கிடக்கும் உயிரணுக்களுக்கு ஒட்சிசனே உணவு. அந்த உணவை இரவு முழுவதும் தட்டிப் பறிக்கிறது இந்நோய்.

எனக்கு நெருங்கிய ஆசிரிய நண்பர் ஒருவரின் நிலையை இங்கு சொல்லத் தோன்றுகிறது. அறுபத்தோராவது வயதில் அவருக்கு வலப்பக்கம் வழங்காமற் போயிற்று. உயிர் தப்பியது; பேச்சும் மெல்ல வந்தது. ஆனால் பயிற்சி அளிக்க வருபவர் கையைத் தூக்கச் சொன்னால், இரண்டு முறை தூக்குவார். மூன்றாம் முறை உறங்கிவிடுவார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தவர், ஒரு பத்தியைப் படித்து முடிக்குமுன் கண்மூடுவார். மனம் உடைந்துபோனார் என்றனர் சிலர். முயற்சி இல்லை என்றனர் வேறு சிலர். அவருடைய மகள் மட்டும் இரண்டு இரவுகள் கட்டிலருகே விழித்திருந்தாள். "மாமா, அப்பா நித்திரையிலே மூச்சுவிட மறந்துபோகிறார்" என்று என்னிடம் சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஓர் அப்பியாசக் கொப்பியிலே நேரங்களைக் குறித்தும் வைத்திருந்தாள்: இருபது விநாடி, முப்பத்தைந்து விநாடி, நாற்பது விநாடி.

அந்தக் கொப்பியைப் பார்த்த மருத்துவர் ஓரிரவுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். கடுமையான மூச்சுத் தடை என்று தெரிந்தது. கருவி வந்தது. முதற் கிழமை பெரும்பாடு. ஒரு கையால் முகமூடியின் வாரைப் பூட்ட அவரால் இயலவில்லை. கோணிய வாயோரத்தில் காற்றுக் கசிந்தது. நள்ளிரவில் கழற்றி எறிந்தார். மகளே பூட்டினாள், மகளே சரிசெய்தாள். சில கிழமைகளில் அவர் பகலில் விழித்திருக்கத் தொடங்கினார். விழித்திருந்தபடியால் பயிற்சி செய்தார். வலக்கை முழுவதும் மீளவில்லை. ஆனால் கோலூன்றி முற்றத்துக்கு வருகிறார். பத்திரிகையைத் தாமே படித்து எங்களோடு வாதாடுகிறார். கருவியே யாவற்றையும் தந்தது என்று நான் வாதிட மாட்டேன். காலமும் பயிற்சியும் தம் பங்கைச் செய்தே இருக்கும். ஒருவருடைய அனுபவம் சான்றாகாது. சான்று வேண்டின் ஆய்வுகளையே நாடவேண்டும்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பாரிசவாதத்தின் பின் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த, மூச்சுத் தடையும் உடைய 44 பேரில், ஒரு பாதியினர்க்கு வழமையான பயிற்சி மாத்திரமும், மறுபாதியினர்க்குப் பயிற்சியோடு மூச்சழுத்தக் கருவியும் நான்கு கிழமைகள் அளிக்கப்பட்டன. கருவி பெற்றவர்களிடத்தில் நரம்புக் குறைபாடு கூடுதலாகத் தேறியது; பகல் தூக்கம் குறைந்தது; மனச்சோர்வும் தணிந்தது. ஆயினும் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடவில்லை. கவனம், நினைவு ஆகியவற்றின் அளவைகளிலும் வேறுபாடு காணப்படவில்லை. வேறு சில சிறு ஆய்வுகளில் நோயாளர் முகமூடியைத் தொடர்ந்து அணியாமையால் பயனும் தெளிவாகத் தெரியவில்லை.

ஒரு பேராய்வின் பாடம்

இனி, உண்மை விரும்புவோர் மறைக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. 2016இல் வெளியான பேராய்வு ஒன்று, இருதய நோயோ பாரிசவாதமோ முன்னரே கண்ட, மூச்சுத் தடையும் உடைய 2,717 பேரை ஏழு நாடுகளிலிருந்து சேர்த்தது. அந்நாடுகளில் அவுஸ்திரேலியா, சீனா, இந்தியா என்பனவும் அடங்கும். திருவுளச் சீட்டு முறையில் ஒரு சாராருக்குக் கருவி கொடுக்கப்பட்டது. மறுசாராருக்கு வழமையான சிகிச்சை மாத்திரம். சராசரி 3.7 ஆண்டுகளின் பின் பார்த்தபோது, மாரடைப்பு, பாரிசவாதம் முதலியனவும் அவற்றால் நேரும் மரணமும் கருவி பெற்றோரில் நூற்றுக்கு 17.0 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 15.4 பேருக்கும் நேர்ந்திருந்தன. அதாவது, கருவி அவற்றைத் தடுத்தது என்று காட்ட முடியவில்லை. குறட்டை குறைந்தது, பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. ஆனால் எதிர்பார்த்த பெரும்பயன் காணப்படவில்லை.

ஏன் இவ்வாறாயிற்று? நோயாளர் கருவியை அணிந்த நேரம் இரவுக்குச் சராசரி 3.3 மணி மாத்திரமே. நித்திரையின் பாதிக்கு மேற்பட்ட பகுதி காவலின்றியே கழிந்தது. மேலும், பகல் தூக்கம் மிகக் கடுமையாயிருந்தவர்களும் ஒட்சிசன் மிகத் தாழ்ந்தவர்களும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. கூடிய பயன் பெறக்கூடியவர் அவர்களாகவே இருந்திருக்கலாம். நான்கு மணிக்குக் குறையாது அணிந்தவர்களைப் பிரித்து நோக்கியபோது அவர்களுக்குப் பாரிசவாதம் குறைந்து காணப்பட்டது. ஆனால் இதனைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. முகமூடியை ஒழுங்காக அணிபவர், மாத்திரையையும் ஒழுங்காக உட்கொள்பவராக, உணவிலும் கட்டுப்பாடு உடையவராக இருத்தல் கூடும். பயன் கருவியினுடையதா, ஒழுக்கத்தினுடையதா என்று யார் பிரித்துச் சொல்வது?

ஆகவே இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: உறக்க மூச்சுத் தடை பாரிசவாதத்தின் ஆபத்தைக் கூட்டுவதோடு தொடர்புடையது. கருவி மூச்சுத் தடையை நீக்குகிறது, பகல் தூக்கத்தைப் போக்குகிறது, இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கிறது. பாரிசவாதத்தின் பின் தேறுவதற்கு அது துணைசெய்யக்கூடும். மற்றுமொரு தாக்குதலைத் தடுக்கும் என்று உறுதி கூறுவதற்கோ சான்று போதாது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலும் இந்த அடக்கத்தோடேயே பேசுகிறது. பாரிசவாதம் கண்டவரிடத்தில் இந்நோய் உண்டா என்று பார்ப்பதைக் கருத்திற்கொள்ளலாம் என்கிறது. இருப்பின் கருவி நன்மை தரக்கூடும் என்கிறது. பாரிசவாதத்தைத் தடுக்கும் முதற்காவல் இன்றும் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையும், புகை விடுத்தலும், நீரிழிவைக் கட்டுப்படுத்தலுமே. முகமூடி அவற்றுக்குத் துணை, மாற்றன்று.

வீட்டார் செய்யக்கூடியவை

நம் வீடுகளில் நோயாளி உரத்துக் குறட்டை விட்டால், "பாவம், அயர்ந்து நித்திரை கொள்கிறார்" என்று மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சிக்கு முன் சிறிது நேரம் உற்றுக் கேட்பது நலம். குறட்டை, பின் திடீரென ஒரு மௌனம், பின் செருமலோடு மூச்சு — இவ்வொழுங்கு திரும்பத் திரும்ப வருமாயின் மருத்துவரிடம் சொல்லவேண்டும். காலையில் தலையிடி, வாய் வறட்சி, மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம் ஆகியனவும் குறிகளாகலாம். பாரிசவாதம் கண்டவர் பலர் பருத்தவராகவோ பகலில் தூங்கி வழிபவராகவோ இருப்பதில்லை. ஆதலால் தோற்றத்தை மட்டும் நம்பலாகாது.

மருத்துவர் காணும் வரை செய்யக்கூடிய எளியனவும் உண்டு. பலருக்கு மல்லாந்து படுக்கும்போதே தடை மிகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தால் குறையும். மேல்நாட்டார் இரவுச் சட்டையின் முதுகிலே தெனிசுப் பந்தொன்றைத் தைத்து, மல்லாரவிடாது செய்வதும் உண்டு! மதுவும், மருத்துவரைக் கேளாது உட்கொள்ளும் தூக்க மாத்திரைகளும் தொண்டையை மேலும் தளர்த்தும், விலக்குதல் வேண்டும். உடல் பருத்தவர் எடை குறைத்தால் நோயும் குறையும். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவிகளும் சிலருக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொண்டை அடைபடாமலே, மூளையின் கட்டளை தளர்ந்து மூச்சு நிற்கும் வகையொன்றும் உளது. மூச்சு சிறுகச் சிறுகப் பெருகி, பின் சிறுகச் சிறுகத் தேய்ந்து நிற்கும் அவ்வொழுங்கை, டப்ளின் நகரில் பணியாற்றிய செயின் 1818இலும் ஸ்ரோக்ஸ் 1854இலும் எழுதிவைத்தனர். பாரிசவாதத்தின் பின்னும் இருதயத் தளர்ச்சியிலும் இது தோன்றுவதுண்டு. இருதயம் தளர்ந்தவரிடத்தில் இவ்வகைக்கென வேறொரு கருவியைப் பயன்படுத்திய 2015ஆம் ஆண்டின் ஆய்வில், நன்மைக்குப் பதிலாக இருதய நோயால் நேரும் மரணமே கூடிற்று. எனவே அயலவருடைய கருவியை இரவல் வாங்கி மாட்டிக்கொள்வது அறிவுடைமையாகாது. எவ்வகை என்று பரிசோதித்து அறிந்த பின்னரே சிகிச்சை.

இன்னுமொன்று: காலையில் எழும்போதே கையோ காலோ வழங்காது, வாய் கோணி, பேச்சுக் குழறினால், "நித்திரைக் கலக்கம், சிறிது நேரத்தில் தெளியும்" என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். குருதியடைப்பால் வரும் பாரிசவாதங்களில் ஏறத்தாழ ஐந்திலொன்று உறக்கத்தினின்று விழிக்கும்போதே தெரியவருகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பகுதியை மிகுதியாகப் படிப்பவர்கள். உற்றுநோக்கலும், எண்ணுதலும், எண்ணியதை எழுதிவைத்தலும் அறிவியலின் முதற்பாடங்கள் என்று வகுப்பறையிலே கற்பிக்கின்றோம். அந்தப் பாடத்துக்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை; ஒரு கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். மருத்துவர் நோயாளியைப் பகலிலே சில நிமிடம் காண்கின்றார். இரவோ வீட்டாருடையது. அந்த இரவிலே நிகழ்வதை மருத்துவருக்கு எடுத்துச் சொல்லவல்லவர் அருகில் இருப்பவரேயன்றி வேறு யார்?